பேசி முடிக்கிற விஷயமில்லை: சுங்கை சிப்புட் தோட்டத்து மக்கள் எங்களிடம் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டம் மூடியபின் எழுந்த தாமான்களிலிருந்தும் (வீடமைப்புப் பகுதிகள்) வருகிறவர்கள் பாலியல் சுரண்டல் பற்றி எங்களிடம் கேட்ட கேள்விகள் இவை. எங்களிடம் என்றால் நாலைந்து பெண்களிடம். ஒருவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஒருவர் தாதியாக இருந்தவர், நான் தோட்ட ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தேன். கேள்விகள் பெரும்பாலும் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் வரும். "எனக்கில்ல அக்கா, தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்றுதான் ஆரம்பிக்கும். சரி, தெரிந்த ஒருத்தருக்கே இருக்கட்டும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றைக் கலந்தும் மாற்றியும் எழுதியிருக்கிறேன்.

பாலியல் சுரண்டல் என்றால் என்ன? பேப்பரில் 'கற்பழிப்பு' என்று போடுகிறார்களே, அதுவா?

அதுவும் அடங்கும். ஆனால் சுரண்டல் அதைவிட அகலமானது. ஒருவருடைய இல்லாமையை, பயத்தை, வயதை, நம்பிக்கையை இன்னொருவர் தன் ஆசைக்கோ பணத்துக்கோ பயன்படுத்திக்கொள்வது. பற்று ஏறிப்போன வீட்டுப் பெண்ணிடம் "காசு இல்லாட்டி பரவாயில்ல" என்று கடைக்காரர் ஒரு மாதிரி சிரிப்பது. உரம் போடுகிற வேலையிலிருந்து லேசான வேலைக்கு மாற்றிவிட மண்டோர் (கங்காணி) எதிர்பார்க்கும் 'நன்றி'. 13 வயதுப் பிள்ளைக்கு டாப்-அப் போட்டுவிட்டு போட்டோ கேட்பது. ஹோட்டல் வேலை என்று கூட்டிப்போய் உடம்பை விற்க வைப்பது.

கை படாமலும் இது நடக்கும். 2017 ஜூலை 10 முதல் அமலில் இருக்கும் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம் (792ஆவது சட்டம்), பிள்ளையிடம் ஆபாசமாகப் பேசுவதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு 18 வயது நிறையாதவர் எல்லாரும் பிள்ளைகள்தான், மீசை முளைத்தவனும் சேர்த்து.

'கற்பழிப்பு' என்ற சொல்லை நாங்கள் விட்டுவிட்டோம். கற்பு அழிந்தது என்றால் ஏதோ பிள்ளையிடமிருந்து குறைந்துவிட்டது போல ஆகிறது. வல்லுறவு, வன்கொடுமை என்றே சொல்கிறோம்.

இங்கே எல்லாரும் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுகிறவர்கள். நம் இடத்தில் அப்படி நடக்குமா?

நடக்கிறது. பிள்ளைகளுக்குக் கேடு செய்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எந்த ஆணும் வெறும் ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மாமா, லாரி ஓட்டுகிறவர் சித்தப்பா, கோயிலில் மைக் பிடிக்கிறவர் பெரியப்பா. அந்த உறவுமுறைதான் நம்மைக் காப்பாற்றி வந்தது. அம்மா விடியற்காலையில் பால் வெட்டப் போனால் பிள்ளை பசியோடு கிடக்காது. யாராவது ஒரு அத்தை ரொட்டி கொடுப்பார். அதே உறவுமுறைதான் பிள்ளையின் வாயையும் கட்டிவிடுகிறது. 'மாமா'வை எப்படி மறுத்துப் பேசுவது? மாமாவைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பிள்ளை எப்படி வலையில் விழுகிறது? நம் பிள்ளை புத்திசாலி.

புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் நாளே யாரும் தப்பாக நடப்பதில்லை. முதலில் குடும்பத்தைப் பிடிப்பார்கள். அப்பாவுக்குக் கைமாற்று, அம்மாவுக்கு மார்க்கெட் போக காடி (கார்), தாத்தாவை கிளினிக்குக் கூட்டிப்போவது. வீட்டில் அவர் பெயரைச் சொன்னாலே எல்லார் முகமும் மலரும். அப்புறம் பிள்ளைக்கு மட்டும் ஒரு தனிக் கவனம்: பழைய போன், ஜெர்சி, "உங்கப்பா உன்னப் புரிஞ்சிக்கல" என்கிற பேச்சு. அப்புறம் ஒரு சின்ன ரகசியம். "நான் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தத வீட்ல சொல்லாத." அந்த ரகசியத்தை பிள்ளை காப்பாற்றுகிறதா என்று பார்ப்பார்கள். காப்பாற்றினால் அடுத்த ரகசியம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். விளையாட்டுக்குத் தொடுவது, போனில் ஒரு படம் காட்டுவது. கடைசியில் பிள்ளை, "நானும்தானே ஒத்துக்கிட்டேன், நானும்தானே வாங்கிக்கிட்டேன்" என்று தன்னையே குற்றவாளியாக நினைக்க ஆரம்பிக்கும். அந்த நினைப்புதான் பூட்டு. வெளியிலிருந்து யாரும் பூட்டவே தேவையில்லை.

இப்படிப் பிள்ளையை மெல்லப் பழக்குவதும் 792ஆவது சட்டத்தில் குற்றம். தொட்ட பிறகுதான் குற்றம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 5 வருடம் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. செய்தவர் பெற்றோர், உறவினர், ஆசிரியர், பயிற்சியாளர், பிள்ளை பார்த்துக்கொள்கிறவர் என்று நம்பி ஒப்படைத்த இடத்தில் இருப்பவரானால், எந்தக் குற்றமானாலும் அதற்குரிய தண்டனையோடு மேலும் 5 வருடம் வரை சிறையும், 2க்குக் குறையாத பிரம்படியும் சேரும்.

போனில் வருகிறவன் முகம் தெரியாதவன், அவ்வளவுதான் வித்தியாசம். கேம் விளையாடும்போது 'டைமண்ட்' வாங்கித் தருவான். பாதை அதே பாதை.

என்ன அறிகுறியைப் பார்க்க வேண்டும்?

இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாது. திடீர் மாற்றத்தைப் பாருங்கள்: படுக்கையை நனைப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, குளித்துக்கொண்டே இருப்பது, வாங்கித் தராத பொருள் கையில் இருப்பது, ஒருவர் வந்தால் அறைக்குள் போய்விடுவது.

ஒரு பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் செம்பனைக் காட்டு ஓரமாகச் சுற்றிப் போகும். நேர் வழியில் போனால் மூன்று நிமிடம். பாட்டி தினமும் திட்டுவார், "வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றா சோம்பேறி" என்று. நேர் வழியில் ஒரு வீடு இருந்தது. அந்த வீடுதான் காரணம் என்று தெரிய ஒரு வருடம் ஆனது. பாட்டி இன்னும் அதைச் சொல்லி அழுவார்.

பிள்ளை சொல்லிவிட்டது. நான் இப்போது என்ன செய்ய?

முதலில் உட்காருங்கள். உங்கள் முகத்தைத்தான் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கத்தினால், கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், "சொன்னதால்தான் வீடு உடைந்தது" என்று அது முடிவு செய்துகொள்ளும். மறுநாள் போலீஸ் கேட்கும்போது "ஒன்னும் நடக்கல" என்று சொல்லிவிடும்.

சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம். "சொன்னது நல்லது கண்ணு." "உன் மேல தப்பே இல்ல." "இனிமே நான் பாத்துக்கிறேன்." எங்கள் ஆசிரியை இதைத் தாய்மார்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்வார். நடுவாக்கியம் பலருக்கு வாயில் வராது. "நீ ஏன் அங்க போன" என்றுதான் வரும். பழக்கம். அதனால்தான் முன்கூட்டியே சொல்லிப் பார்க்கச் சொல்கிறோம்.

கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். யார், எங்கே, இப்போது வலிக்கிறதா, இவ்வளவு போதும். "அவன் இப்படிச் செஞ்சானா, அப்படிச் செஞ்சானா" என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால், நாளைக்கு நீதிமன்றத்தில் "அம்மா சொல்லிக் கொடுத்தது" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, கொச்சையாக இருந்தாலும், தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா, அத்தை, மச்சான் என்று ஒவ்வொருவராக அழைத்து அவர்கள் முன்னால் மறுபடி சொல்ல வைக்க வேண்டாம்.

அந்த ஆளிடம் போய்க் கேட்கவும் வேண்டாம். கேட்டால் போனில் இருப்பதை அழித்துவிட்டு ஊரை விட்டுப் போய்விடுவார்.

துணியைத் துவைத்துவிட்டேன் அக்கா. இனிமேல் ஆஸ்பத்திரி போய் பிரயோசனம் உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே பள்ளிச் சீருடை, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. பையைத் திறந்ததும் துணி மெதுவாக்கி வாசனை குப்பென்று வந்தது. "அத அப்படியே பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்றார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

பிரயோசனம் உண்டு. போங்கள். முடிந்தால் குளிக்காமல், துணி மாற்றாமல் போவது நல்லது. மாற்றியிருந்தால் பழைய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்தாகிவிட்டதா, பரவாயில்லை, அப்படியே போங்கள். ஆஸ்பத்திரி தடயத்துக்காக மட்டும் இல்லை. கருத்தடை மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியவை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று நாள் தாண்டியிருந்தாலும் காயம், வேறு தொற்று, மன அதிர்ச்சி எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் "ஓ.எஸ்.சி.சி." என்று மட்டும் சொல்லுங்கள்; எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் நெருக்கடி மையத்தின் சுருக்கப் பெயர் அது. கூட்டத்தின் நடுவே கதை சொல்ல வேண்டாம். தனி அறைக்கு அழைத்துப்போவார்கள். மருத்துவரும், தேவைப்பட்டால் போலீசும் சமூகநல அதிகாரியும் அங்கேயே வருவார்கள். நம் வட்டாரத்தில் பெரிய மருத்துவமனை என்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன். பக்கத்தில் இருப்பதற்கே முதலில் போனாலும் தேவைப்பட்டால் அனுப்பி வைப்பார்கள். முதலில் போலீஸ் ரிப்போர்ட் கொண்டு வா என்று சிகிச்சையை நிறுத்தக்கூடாது. ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் மருத்துவர் சமூகநல இலாகாவுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் அவருக்குப் போட்ட கடமை.

கருவுற்றிருந்தால்? தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ கேடு வரும் என்று பதிவு பெற்ற மருத்துவர் கருதினால் கருவைக் கலைக்க நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் இடம் தருகிறது. சட்டத்தில் இடமே இல்லை என்று ஊரில் சொல்வது தவறு. நாட்டு மருந்து, அது இது என்று வீட்டில் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

போலீஸ் ரிப்போர்ட் எங்கே செய்வது? எனக்கு மலாய் சரியாக வராது.

எந்த பாலாயிலும் (போலீஸ் நிலையத்திலும்) செய்யலாம். சம்பவம் நடந்த இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால், "இங்கேயே பதிவு பண்ணுங்க, அப்புறம் மாத்திக்கோங்க" என்று நில்லுங்கள். இந்த வகை வழக்குகளை விசாரிப்பது டி11 என்ற தனிப் பிரிவு. பெண் அதிகாரியைக் கேட்கலாம். தமிழ் தெரிந்தவரைக் கேட்கலாம். நீங்களே ஒருவரை அழைத்தும் போகலாம்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில் பிள்ளை சொன்னது "பல தடவை". தாளில் இருந்தது "ஒரு தடவை". அதைத் திருத்த எட்டு மாதம் அலைந்தோம். நகல் வாங்கிக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் எண்ணைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

நாலு வாரம் போயும் சத்தமே இல்லையென்றால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்க வழக்கறிஞரிடம் முறையிடலாம். 107ஏ என்று பிரிவைச் சொல்லிக் கேட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் முகம் கொஞ்சம் மாறும், பார்த்திருக்கிறேன்.

கோயில் தலைவரை வைத்து உள்ளுக்குள்ளேயே பேசி முடித்தால் என்ன? பிள்ளை பெயர் கெடாதே.

நாங்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எங்களுக்குக் கோபம் வருகிற கேள்வியும் இதுதான். கேட்கிறவர்மேல் இல்லை.

தோட்டத்தில் பேசி முடிப்பது நல்ல வழக்கம்தான். மாடு செடியைத் தின்றது, சீட்டுப் பணம் வரவில்லை, குடித்துவிட்டுச் சண்டை, எல்லாம் துரை வரைக்கும் போகாமல் மரத்தடியில் முடிந்திருக்கிறது. போலீசை நம்ப முடியாத காலத்தில் அதுதான் நமக்கு இருந்த நீதிமன்றம். ஆனால் இந்த விஷயத்தில் அந்த மரத்தடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேசுகிற ஆறு பேரும் ஆண்கள். இரண்டு பேர் அவருக்குச் சொந்தம், ஒருவர் அவரிடம் கடன் வாங்கியவர். பிள்ளை அங்கே இல்லை. இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. முடிவு என்ன? ஒரு தொகை. அல்லது சூடம் அணைத்துச் சத்தியம். அவர் ஆறு மாதம் வேறு தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வருவார், இல்லையென்றால் போன இடத்திலேயே இன்னொரு வீட்டுக்கு மாமா ஆகிவிடுவார். 'பெயர் கெடாமல்' காப்பாற்றியது யார் பெயரை?

இன்னொன்று. சிறார் பாலியல் குற்றம் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய வழக்கு கிடையாது. பணம் வாங்கியதால் குற்றம் மறையாது. மேலும், இப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பது 792ஆவது சட்டத்தின் 19ஆவது பிரிவில் குற்றம்; 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். மரத்தடியில் உட்கார்ந்த ஆறு பேருக்கும் அது பொருந்தும். ஒரு தலைவரிடம் இதைப் பக்குவமாகச் சொன்னபோது, அவரே காடி எடுத்து எங்களை பாலாய்க்குக் கூட்டிப்போனார். எல்லாத் தலைவர்களும் ஒரே மாதிரி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவனுக்கே கட்டி வைத்துவிட்டால்?

வேண்டாம். இந்து, கிறிஸ்தவர் உட்பட முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது 18. 16 முடிந்த பெண்ணுக்கு மட்டும் மாநில மந்திரி பெசார் (முதலமைச்சர்) தனி அனுமதி தரலாம். கோயிலில் தாலி கட்டிப் பதிவில்லாமல் வைத்தால் அது சட்டப்படி திருமணமே ஆகாது. நடந்த குற்றத்தை அது அழிக்கவும் செய்யாது. பிள்ளையை அதே ஆளிடம் ஆயுளுக்கும் ஒப்படைத்ததாகத்தான் ஆகும்.

பெண் விரும்பித்தானே போனாள்? காதல் என்கிறாள்.

16 வயதுக்குக் குறைந்த பெண்ணுடன் உறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும் நம் தண்டனைச் சட்டத்தில் அது வல்லுறவுதான். 20 வருடம் வரை சிறையும் பிரம்படியும். 30 வயது ஆளுக்கும் 14 வயதுப் பெண்ணுக்கும் நடுவில் இருப்பதைக் காதல் என்று பெயர் வைத்ததே அந்த ஆள்தான். பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்வதைவிட அவனுக்கு அவளிடமிருந்து என்னென்ன கிடைத்தது என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். அவளே ஒரு நாள் போட்டுப் பார்ப்பாள். அதுவரை அவளோடு பேச்சை அறுக்காதீர்கள்.

பையன்களுக்குமா?

ஆமாம். 792ஆவது சட்டம் பையன், பெண் என்று பிரிக்கவில்லை. பையன்கள் இன்னும் அதிகமாக வாயை மூடிக்கொள்கிறார்கள், காரணம் கேலி. "ஆம்பளப் புள்ளைக்கு என்ன" என்று சிரிக்கிற சித்தப்பாவுக்கு முன்னால் யார் சொல்வார்கள்?

போட்டோவைக் காட்டி மிரட்டுகிறான். காசு கேட்கிறான்.

காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் நாளைக்கும் கேட்பான். இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். பேச்சு, பெயர், எண், கணக்கு விவரம், பணம் கேட்ட வங்கி எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அப்புறம் தடை செய்யுங்கள். ரிப்போர்ட் செய்யுங்கள். 2023இல் 792ஆவது சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகளை இப்படிப் படம் வைத்து மிரட்டுவதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தார்கள். 18 வயதுக்குக் குறைந்தபோது எடுத்த படமென்றால் 'டேக் இட் டவுன்', பெரியவர்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவச இணையச் சேவைகள் இருக்கின்றன. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை போன்ற எண்ணை உருவாக்கி, அதை வைத்துப் பெரிய தளங்களில் தடுப்பார்கள்.

ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. "இந்தப் பொண்ணு யாரு, பெற்றோர் உஷார்" என்று வீடியோவை அனுப்புகிறீர்களே, பிள்ளையின் ஆபாசப் படத்தைப் போனில் வைத்திருப்பதற்கே 5 வருடம் வரை சிறையோ 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அனுப்புவது அதைவிடப் பெரிய குற்றம். நல்ல எண்ணத்தில் அனுப்பினேன் என்பது உதவாது.

வேலை இடத்தில் மண்டோர் தொந்தரவு. வேலையும் வேண்டும்.

அன்றன்றைக்கு எழுதி வையுங்கள்: தேதி, எந்தக் காடு, எந்த நிரை, என்ன சொன்னார், பக்கத்தில் யார். நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி முதலாளி விசாரித்தே ஆகவேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். 2023 ஜனவரி 1 முதல் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவும் வேண்டும். உங்கள் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) நடக்கிற இடத்தில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று நாளைக் காலையில் பாருங்கள். நான் ஆபீசில் இருந்த காலத்தில் சம்பளப் பட்டியலும் தீபாவளி முன்பணத் தாளும்தான் ஒட்டியிருக்கும்.

நிர்வாகம் காது கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகா. சங்கத்தில் இருந்தால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். இன்னொரு வழி, பாலியல் தொல்லைத் தடுப்பு நடுவர் மன்றம். 2022இல் வந்த சட்டத்தின்படி 2024 மார்ச் 8 முதல் செயல்படுகிறது. வக்கீல் வைக்க முடியாது, அதாவது வக்கீல் செலவும் இல்லை. 250,000 வெள்ளி வரை இழப்பீடு தரச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. கடைக்காரர், வாடிக்கையாளர் என்று யார்மேலும் போகலாம், முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இது சின்ன விஷயமென்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு ஒரு தகவல். 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசியச் செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் துறைமுகத்திலேயே தடுத்தது. கட்டாய உழைப்பு என்று அடுக்கிய காரணங்களில் பாலியல் வன்முறையும் இருந்தது.

வெளிநாட்டுத் தொழிலாளர்ப் பெண், அல்லது ஐ.சி. (அடையாள அட்டை) இல்லாத நம் பெண். அவர்கள் எங்கே போவது?

அவர்களைத்தான் முதலில் குறி வைக்கிறார்கள். புகார் செய்யமாட்டார்கள் என்ற தைரியம். ஆவணம் இல்லாதவர் தனியாக ஆஸ்பத்திரிக்கோ பாலாய்க்கோ போனால் பிடிபடுகிற ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். அதனால் முதலில் ஒரு அமைப்போடு பேசி, அவர்களோடு போவது நல்லது. தெனாகானித்தா இதில் நெடுநாள் அனுபவம் உள்ளது. 1991இல் ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கியது. தோட்டத்துப் பெண்களின் பிரச்சினைகளை எடுத்துப் பேசி வந்த அமைப்பு.

வேலை என்று கூட்டிப்போய்ப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, கடன் கணக்குக் காட்டி உடம்பை விற்க வைத்தால் அது ஆள் கடத்தல். 2007ஆம் ஆண்டு ஆள் கடத்தல் தடுப்புச் சட்டப்படி "அவளே ஒத்துக்கொண்டாள்" என்பது தப்பிக்கிற வழி கிடையாது. கடத்தப்பட்டவரைச் சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்ததற்காகத் தண்டிக்கவும் கூடாது.

நீதிமன்றத்தில் பிள்ளை அவனை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமா?

அவசியமில்லை. 2007ஆம் ஆண்டு சிறார் சாட்சிச் சட்டப்படி நடுவில் திரை போடலாம், வேறு அறையிலிருந்து வீடியோவில் பேசலாம், முன்பே பதிவு செய்த வாக்குமூலத்தையும் பயன்படுத்தலாம். இதையெல்லாம் முன்கூட்டியே அரசாங்க வழக்கறிஞரிடம் கேட்டு வையுங்கள், கேட்காமல் கிடைக்காமல் போகலாம். வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பிள்ளையின் சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்க 792ஆவது சட்டம் இடம் தருகிறது. பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் பத்திரிகை வெளியிடக்கூடாது. ஃபேஸ்புக்கில் கோபத்தோடு எழுதுகிற மாமாக்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேஸ் முடிய நாளாகும். பிள்ளை அதுவரை காத்திருக்காது, வளர்ந்துகொண்டே இருக்கும். மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு மறுதேதி கொடுத்தால் தவறவிடாதீர்கள். பேருந்துச் செலவு, ஒரு நாள் சம்பளம் போகும். தெரியும். அதற்குத்தான் அக்கம்பக்கம் இருக்கிறது. ஒருவர் காடி தரலாம், ஒருவர் சின்னவனைப் பார்த்துக்கொள்ளலாம்.

செய்தவன் வீட்டுக்குள்ளேயே இருந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியது அவன். குடும்ப வன்முறைச் சட்டத்தில் சமூகநல அதிகாரி தரக்கூடிய அவசரப் பாதுகாப்பு ஆணை 7 நாள் செல்லும். அதற்குள் அடுத்த ஆணைக்கு ஏற்பாடு செய்யலாம். சம்பாதிக்கிற ஆளே அவனாக இருக்கும்போது தாய் தடுமாறுவார். "என்ன தாய் இவள்" என்று ஊர் பேசும். அரிசி மூட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்துவிட்டு அப்புறம் பேசினால் தேவலை.

பிள்ளையிடம் பழையபடி பழகுங்கள். தலையில் எண்ணெய் வைக்கும் முன் "தொடலாமா" என்று கேளுங்கள், அது மட்டும் புதிது. திருவிழாவில் கோலாட்டத்துக்குச் சேர்க்காமல் ஒதுக்காதீர்கள். "பாவம்" என்று அதன் காதுபடச் சொல்லாதீர்கள். மஞ்சள் நீராட்டு, பரிகாரம் என்று 'தீட்டு' கழிக்கக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு பிள்ளை எங்கள் ஆசிரியையிடம் கேட்டது, "டீச்சர், நான் என்ன அழுக்கா?"

சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது? கூச்சமாக இருக்கிறது.

மூன்று வயதில் குளிப்பாட்டும்போது ஆரம்பிக்கலாம். உறுப்புக்கு ஒரு பெயர் சொல்லுங்கள், சுற்றி வளைக்காமல். பெயரே இல்லாத இடத்தைப் பற்றிப் பிள்ளை எப்படிப் புகார் செய்யும்? "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று வற்புறுத்துவதை நிறுத்துங்கள். வணக்கம் சொன்னால் போதும், மரியாதை குறையாது. "கெட்ட தொடுதல்" என்று மட்டும் சொல்லித் தந்தால் வலித்தால்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்ளும். ரகசியம் வைக்கச் சொல்கிற எந்தத் தொடுதலையும் வீட்டில் சொல்லலாம் என்று சொல்லுங்கள். எத்தனை நாள் கழித்துச் சொன்னாலும் திட்டமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டியூசன், பள்ளி வேன், சமய வகுப்பு நடத்துகிறவர்கள் கதவைத் திறந்து வைத்து நடத்தட்டும். ஆள் வைக்கும்போது சமூகநல இலாகாவில் கேட்டுச் சரிபாருங்கள்; சிறார் பாலியல் குற்றவாளிகளுக்கு 2019இல் ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறார்கள்.

எந்த எண்ணுக்கு அழைப்பது?

உயிருக்கு ஆபத்தென்றால் 999. மற்றபடி அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999, எந்த நேரமும், வாட்ஸ்அப் 019-2615999. பெண்கள் உதவி அமைப்பான டபள்யூ.ஏ.ஓ.: 03-3000 8858. போனைக் கணவர் பார்ப்பார் என்றால் எண்ணை 'கேஸ் தோங்' (கேஸ் சிலிண்டர்) கடைக்காரர் பெயரில் பதிந்து வையுங்கள்.

பாலாய்க்குத் துணைக்கு யாராவது வருவீர்களா?

வருவோம். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், உங்கள் ஐ.சி., அந்த நோட்டு, காகிதப் பை இருந்தால் அதுவும். பிள்ளைக்கு ஒரு ஜாக்கெட், அந்த அறையில் ஏர்கோன் கடுமையாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஏழெட்டு மணி நேரம்கூட ஆகலாம். போன தடவை நான் சார்ஜரை மறந்துவிட்டுப் போய் அவதிப்பட்டேன்.